கேமராவுக்கு முன்னும் பின்னும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியோர் சொல்வர். இப்பழமொழிக்குச் சான்றாக ஒரு புகைப்படத்தைக் காட்டலாம். 1960ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த பிரையன் பிரேக் என்ற புகைப்படக் கலைஞர், இந்தியாவின் பருவமழையைப் படம் பிடிக்க வந்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சிவப்புச் சேலையும் பச்சைக்கல் மூக்குத்தியும் அணிந்த ஓர் இளம்பெண்ணின் முகத்தில் மழைத்துளிகள் வழிகின்றன. பார்ப்பவர் எவரும் அவளை முதல் மழையில் நனைந்து மகிழும் ஒரு கிராமத்துப் பெண் என்றே எண்ணுவர்.

உண்மை வேறு. அந்த இடம் கல்கத்தாவில் ஒரு மொட்டை மாடி. பெய்தது மழையன்று, பூவாளியால் ஊற்றிய தண்ணீர். அந்தப் பெண் நகரத்தில் வளர்ந்த, 14 வயதுப் பள்ளி மாணவி. மூக்குக் குத்தாதவள் ஆதலால், மூக்குத்தியைப் பசை வைத்து ஒட்டினார்கள். சேலை சிவப்பாக இருக்கிறதே, சிவப்புக் கல் வைத்தால் பொருத்தமாக இருக்குமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். புகைப்படக்காரர் ஒப்பவில்லை, பச்சைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அந்த மாணவியின் பெயர் அபர்ணா தாஸ்குப்தா. பின்னாளில் அபர்ணா சென் என்ற பெயரில் நடிகையாகவும், அதன்பின் திரைப்பட இயக்குநராகவும் புகழ் பெற்றவர் இவரே. மூக்குத்தியின் நிறத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாமல் நின்ற ஒரு சிறுமி, ஒரு முழுத் திரைப்படத்தையும் தீர்மானிக்கும் இடத்துக்கு எப்படி வந்தார்? பெரிய கம்பெனிகளைச் சாராத சிறிய படங்கள் அதற்கு எவ்வாறு துணை நின்றன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றியா எழுதுவது என்று சிலர் கேட்கலாம். சினிமா ஆசை பிடித்த பெண்ணைப் பெற்றோர் கண்டிப்பது வழக்கம். அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் சினிமா என்றால் நடிப்பு மட்டுமே, பெண்ணுக்கு அங்கே அழகாக நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லை என்று நாமும் நம்பிவிட்டால் என்ன ஆகும்? திரையில் நம்மைப் பற்றி யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு போவார்கள். நாம் பார்த்துக்கொண்டு இருப்போம்.

பதினைந்து வயதில் முதல் படம்

அபர்ணாவின் தந்தை சிதானந்த தாஸ்குப்தா ஒரு திரைப்பட விமர்சகர். 1947இல் அவரும் சத்யஜித் ரேயும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். நல்ல படம் எது, ஏன் நல்ல படம் என்ற பேச்சு நடந்த வீட்டில் அபர்ணா வளர்ந்தார்.

1961ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு விழா. அதையொட்டி ரே, தாகூரின் மூன்று சிறுகதைகளைச் சேர்த்து "தீன் கன்யா" என்ற படத்தை எடுத்தார். அதில் "சமாப்தி" என்ற கதையின் நாயகி அபர்ணா. படம் வெளியானபோது அவருக்கு வயது 15. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான்.

கதையில் வரும் மிருண்மயி, சொன்ன பேச்சுக் கேளாத துடுக்குப் பெண். அணில் ஒன்றை வளர்த்துக்கொண்டு, சிறுவர்களோடு ஆடித் திரிபவள். அவளுடைய விருப்பத்தைக் கேளாமலே திருமணம் நடக்கிறது. அன்று இரவே அவள் வீட்டைவிட்டு வெளியேறி, மரத்தின் வழியே இறங்கி, ஆற்றங்கரை ஊஞ்சலுக்கு ஓடிவிடுகிறாள். பின்னர் தன் மனம் தானே கனிந்து கணவனை ஏற்கிறாள்.

இந்தப் படத்தை எடுத்த ரே ஓர் ஆண். 1964இல் "சாருலதா" படத்தில் ஒரு பெண்ணின் தனிமையைக் காட்டியவரும் அவரே. ஆகவே ஆண் இயக்குநர்களுக்குப் பெண் மனம் புரியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தக் கதை சொல்லத் தக்கது, எந்தப் பெண் பார்க்கத் தக்கவள் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. நல்ல மனம் படைத்தவர் தேர்ந்தெடுத்தால் மிருண்மயி கிடைப்பாள். அப்படி இல்லாவிட்டால், மரத்தைச் சுற்றிப் பாட்டுப் பாடும் பதுமைதான் கிடைப்பாள். தேர்ந்தெடுப்பவர் கையில் பெண்ணின் கதி இருந்தது.

பிறகு அபர்ணா பல வங்காள வெற்றிப் படங்களில் கதாநாயகியாக நடித்தார். ஆனாலும் அவர் மனத்தில் வேறொரு கதை உருவாகிக்கொண்டிருந்தது.

கலைப்படம் என்றால் என்ன?

இங்கே சற்று நின்று, படம் எடுக்கும் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஒரு நாவல் எழுதக் காகிதமும் பேனாவும் போதும். படம் எடுக்கவோ பெரும் பணம் வேண்டும். கேமரா, விளக்குகள், பிலிம் சுருள், ஆட்களின் கூலி, சாப்பாடு என்று செலவுக்கு முடிவே இல்லை. பணம் போடுகிறவர் அது திரும்பி வர வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆகவே கதையைக் கேட்கும் முன்பே, கதாநாயகன் யார், பாட்டு எத்தனை, சண்டை உண்டா என்று கேட்பார். இவை இல்லாத கதைக்குப் பணம் கிடைப்பது அரிது.

இந்தக் கேள்விகளுக்குக் கட்டுப்படாமல், இயக்குநர் தாம் சொல்ல விரும்பியதைச் சிறிய செலவில் சொல்லும் படமே சுயேச்சைப் படம். நம் நாட்டில் இத்தகைய பல படங்களைக் கலைப்படம் என்று சொல்லி வந்தார்கள். கலைப்படம் என்றால் தூக்கம் வரும் என்று கேலி செய்வோரும் உண்டு. அவற்றுள் சில தூக்கம் வரவழைப்பதும் மெய்யே! ஆனால் ரேயின் முதல் படமான "பதேர் பாஞ்சாலி" எப்படி எடுக்கப்பட்டது என்று அறிந்தால் கேலி செய்ய மனம் வராது. தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கி அவர் வேலையைத் தொடங்கினார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் தீர்ந்து படப்பிடிப்புப் பலமுறை நின்றது. முடிவில் மேற்கு வங்காள அரசு உதவ, 1955இல் படம் வெளிவந்தது.

பின்னர் மத்திய அரசு 1960இல் திரைப்பட நிதிக் கழகத்தை ஏற்படுத்திற்று. சிறிய படங்கள் சில அதன் கடனுதவியால் பிறந்தன. 1969இல் மிருணாள் சென் எடுத்த "புவன் ஷோம்" அவற்றுள் ஒன்று. 1980இல் இக்கழகம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமாயிற்று. பெரிய கடையின் வாசல் திறக்காதபோது பக்கத்தில் ஒரு சிறு கதவு திறந்தது எனலாம். அந்தக் கதவு வழியாகப் பெண்களும் நுழைந்தார்கள்.

வயலட் டீச்சரின் கதை

அபர்ணா எழுதிய கதையின் நாயகிக்கு நரைத்த முடி. பெயர் வயலட் ஸ்டோன்ஹாம். கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் கற்பிக்கும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை. திருமணம் ஆகாதவர். துணைக்கு ஒரு பூனை. அண்ணன் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். உறவுப்பெண் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். இந்தக் கதையை எந்தப் பெரிய கம்பெனி வாங்கும்? நல்ல வேளையாக, நடிகர் சசி கபூர் தயாரிக்க முன்வந்தார். வணிகப் படங்களில் நடித்துச் சம்பாதித்த பணத்தை நல்ல படங்களில் போட்டவர் அவர். அவருடைய மனைவி ஜெனிபர் கெண்டல் வயலட் டீச்சராக நடித்தார். "36 சௌரங்கி லேன்" என்ற அப்படம் 1981இல் வெளிவந்தது.

வயலட் டீச்சரின் பழைய மாணவி ஒருத்தி தன் காதலனுடன் அவர் வீட்டுக்கு வருகிறாள். அவன் எழுத்தாளன், அமைதியாக எழுத இடம் வேண்டும், டீச்சர் பள்ளிக்குப் போகும் பகல் நேரத்தில் வீட்டைத் தரலாமா என்று கேட்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது தாங்கள் தனியே சந்திக்க ஓர் இடம். அவர் கள்ளம் அறியாமல் சாவியைத் தருகிறார். மாலையில் திரும்பி வந்தால் வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருக்கின்றன. தமக்கும் மனிதர்கள் உண்டு என்று அவர் மகிழ்கிறார். இதற்கிடையே பள்ளியில் ஷேக்ஸ்பியர் பாடத்தை வேறொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, இவரை இலக்கணம் நடத்தச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இருவரும் திருமணம் செய்துகொண்டு சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். இனி டீச்சர் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. அன்று தாங்கள் ஊரில் இருக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கேக் செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார் வயலட் டீச்சர். வீட்டுக்குள்ளே விருந்து நடந்துகொண்டிருக்கிறது. அவர் உள்ளே போகவில்லை. இரவுத் தெருவில் திரும்பி நடக்கும்போது, பின்னால் வரும் ஒரு தெரு நாயிடம் "லியர் மன்னன்" நாடக வசனத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார்.

இந்தப் படத்தில் கொடியவர் ஒருவரும் இல்லை. அந்த மாணவி நம்மைப் போன்றவள்தான். வேண்டும்போது வந்தாள், வேண்டாதபோது மறந்தாள், அவ்வளவே. பிரிவுபசார விழாவில் கண்ணீர் விட்டுவிட்டு, பின்பு தெருவில் ஆசிரியையைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பழக்கம் எங்கும் உள்ளது அன்றோ? அதை அறிவுரையாகச் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்போம். படத்தில் பார்க்கும்போது நெஞ்சில் குத்துகிறது.

முதல் படத்துக்கே அபர்ணா சென்னுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. அவருக்கு அப்போது 35 வயது. இளமையும் அழகும் இருந்தால்தான் பெண்ணைப் பார்ப்பார்கள் என்ற வழக்கத்தை, தம் அழகுக்காகவே சிறு வயதில் படம் பிடிக்கப்பட்ட ஒருவர் மாற்றிக் காட்டினார். ஒருவரும் திரும்பிப் பாராத ஒரு கிழ டீச்சரை நாம் கண்கொட்டாமல் பார்க்கும்படி செய்தார்.

தாயும் மகளும்

2002இல் அபர்ணா சென் எடுத்த "மிஸ்டர் அண்டு மிஸஸ் ஐயர்" படத்துக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டு. நாயகி மீனாட்சி ஐயர் ஒரு தமிழ்ப் பெண். கைக்குழந்தையோடு பேருந்தில் பயணம் செய்கிறாள். உடன் வருபவர் முன்பின் பழகாத ஒரு முஸ்லிம் புகைப்படக்காரர். கலவரக் கும்பல் பேருந்தில் ஏறி முஸ்லிம்களைத் தேடுகிறது. ஆசாரமாக வளர்ந்த மீனாட்சி அந்த நொடியில் அவரைத் தன் கணவர் என்று சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறாள். மீனாட்சியாக நடித்தவர் அபர்ணாவின் மகள் கொங்கணா சென் சர்மா. தமிழ்க் குடும்பத்துப் பேச்சையும் பழக்கத்தையும் அறிந்துகொள்ள அவர் சென்னைக்கே வந்து கவனித்துச் சென்றார். தாய்க்குச் சிறந்த இயக்குநர் விருதும் மகளுக்குச் சிறந்த நடிகை விருதும் தேசிய அளவில் கிடைத்தன.

அப்படத்தின் முடிவில், பிரியும் நேரத்தில், புகைப்படக்காரர் தாம் எடுத்த பிலிம் சுருளை மீனாட்சியிடமே கொடுத்துவிடுகிறார். எனக்கு உடனே அந்தப் பூவாளி மழைதான் நினைவுக்கு வந்தது. அன்று மாடியில் நின்ற பெண்ணின் படம் உலகமெல்லாம் போயிற்று. இந்தக் கதையில் வரும் பெண்ணின் படம் அவள் கைக்கே வந்து சேர்ந்தது.

தாயைப் போலவே கொங்கணாவும் நடிப்போடு நிற்கவில்லை. 2016இல் "எ டெத் இன் த கஞ்ச்" என்ற படத்தை இயக்கினார். அதன் நாயகன் ஷுட்டு என்ற சாது வாலிபன். உறவினர்களின் கேலிக்கும் அலட்சியத்துக்கும் ஆளாகி மனம் உடைந்து போகிறவன். பெண் இயக்குநர் என்றால் பெண்களின் கண்ணீரைப் பற்றியே படம் எடுப்பார் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று. மென்மையான ஆண்பிள்ளைகளும் திரையில் இடம் பெறாதவர்களே.

நமக்கு என்ன?

தோழியரே, இந்தப் பாதை முற்றிலும் புதியது என்று எண்ண வேண்டாம். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே கதை எழுதி இயக்கினார். ஆயினும் உலகெங்கும் பாதை கரடுமுரடாகவே இருந்தது. 1929 முதல் வழங்கப்பட்டு வரும் ஆஸ்கர் விருதுகளில், சிறந்த இயக்குநருக்கான விருதை முதன்முதலாக ஒரு பெண் பெற்றது 2010இல்தான். அவர் காத்ரின் பிக்லோ. 2024இல் நம் நாட்டுப் பாயல் கபாடியா, மும்பையில் வேலை பார்க்கும் கேரள நர்சுகளைப் பற்றி எடுத்த படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்றார். நர்சுகளின் வாழ்க்கையை எத்தனை பேர் படமாக எடுத்திருக்கிறார்கள்?

நாம் எல்லாரும் இயக்குநர் ஆகப் போவதில்லை. ஆனால் எல்லாரும் படம் பார்க்கிறோம். இனிப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இது யாருடைய கதை? இதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இதில் இடம் பெறாமல் போனவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்த பெண், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கலாம். அதற்கு மூக்குத்தியும் வேண்டாம், பூவாளி மழையும் வேண்டாம். பெற்றோரும் அன்புச் சகோதரிகளும் அவளை எழுத விட்டால் போதும்.