விறைப்பும் உறுதியும்: முள்ளந்தண்டு அழற்சி வாதத்தின் இடுப்பு வலி பற்றி ஒரு சமூக நோக்கு

நிக்கொலாய் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் நாவல் 'வீரம் விளைந்தது' என்னும் பெயரில் தமிழில் வெளிவந்து, முற்போக்கு இலக்கிய வாசகர் பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டதாகும். அதன் நாயகன் பாவெல் கொர்ச்சாகினின் மனவுறுதி பற்றி விரிவாகப் பேசிய விமர்சனம், அவ்வுறுதி எதிர்கொண்ட நோய் யாது என்னும் வினாவை அரிதாகவே எழுப்பியுள்ளது. நாவலின் இறுதிப் பகுதியில் முள்ளந்தண்டு நோயால் முடங்கி, பார்வையும் இழந்து, எழுத்தை ஆயுதமாகக் கொள்ளும் கொர்ச்சாகினின் துன்பம் ஆசிரியரின் சொந்த உடலிலிருந்து பெறப்பட்டது. ஒஸ்த்ரோவ்ஸ்கியைப் பீடித்தது பெக்தெரெவ் நோய் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1890களில் அதனை விவரித்த ருஷ்ய மருத்துவ அறிஞரின் பெயரால் அது அவ்வாறு வழங்குகிறது. அன்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்பது அதன் பரவலான மருத்துவப் பெயர். முள்ளந்தண்டு இறுகி ஒட்டிவிடும் அழற்சி வாதம் என இதனைத் தமிழில் விளக்கலாம். இந்நோயின் இடுப்பு வலியுடன் வாழ்வது என்பது யாது, அவ்வாழ்வைச் சமூகம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. தமிழில் 'இடுப்பு' என்பது பரந்த பொருளுடைய சொல். சேலை செருகும் இடமும் இடுப்பே. குழந்தையைத் தாங்கும் பக்கமும் இடுப்பே. மகப்பேற்று வேதனையும் இடுப்பு வலி எனவே வழங்கும். எனவே, 'இடுப்பு வலிக்கிறது' என்று கூறும் நோயாளி மூன்று வெவ்வேறு இடங்களுள் ஒன்றைச் சுட்டுபவராக இருக்கலாம். கீழ் முதுகு ஒன்று. முள்ளந்தண்டின் அடியிலுள்ள முக்கோண வடிவ என்பு இடுப்பென்புடன் பொருந்தும் மூட்டு மற்றொன்று. இதன் வலி பிட்டத்தில் உணரப்படுவது, சில நாள் இடப்புறமும் சில நாள் வலப்புறமுமாக மாறி மாறி வருவதும் உண்டு. மூன்றாவது, தொடையென்பின் உருண்டையான தலை ஒரு கிண்ணத்தினுள் சுழலும் உண்மையான இடுப்பு மூட்டு. இதன் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றி, சிலவேளை முழங்கால் வரை பரவும்.

நோய் வழக்கமாக இரண்டாவது இடத்தில் தொடங்கி முள்ளந்தண்டில் மேனோக்கிப் பரவுகிறது. தசைநாண்களும் இணையங்களும் என்புடன் பொருந்தும் இடங்களில் அழற்சி ஏற்படுகிறது. அழற்சிக்குள்ளான இடத்தில் காலப்போக்கில் புதிய என்பு வளர்ந்து, முள்ளென்புகளுக்கிடையே பாலமிடுகிறது. முற்றிய நிலையில் எக்ஸ்ரே படத்தில் முள்ளந்தண்டு கணுக்களையுடைய மூங்கில் போலத் தோன்றும். நோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் ஒரு பங்கினர் வரையில் இடுப்பு மூட்டும் தாக்கப்படுகிறது. இளமையிலேயே நோய் தொடங்கியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும்.

இடுப்பு மூட்டின் பாதிப்பு ஏன் இத்துணை முக்கியத்துவம் பெறுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. முதுகு விறைத்தவர் இடுப்பை மடக்கிக் குனிகிறார். அதாவது, முதுகின் குறையை இடுப்பு ஈடுசெய்கிறது. இடுப்பும் இறுகும்போது அந்த ஈடு இல்லாதொழிகிறது. தொடை முன்மடிந்த நிலையிலேயே மூட்டு இறுகுவதால் நிமிர்ந்து நிற்பது கடினமாகிறது. நிலத்திற் சம்மணமிட்டு அமர்வதும், குந்தியிருந்து மலங்கழிப்பதும், பாயிலிருந்து எழுவதும் அன்றாட வாழ்வின் பகுதிகளாயுள்ள நம் போன்ற சமூகங்களில் இப்பாதிப்பு கூடுதலாக வெளிப்படுகிறது. பந்தியில் அமர முடியாதவர் நாளடைவில் பந்திக்கே வராதவராகிறார்.

2

இவ்வலியின் தனித்தன்மை அதன் காலவொழுங்கில் உள்ளது. பாரம் தூக்கியதால் வரும் சாதாரண முதுகு வலி ஓய்வால் தணியும். இதுவோ ஓய்வால் மிகுவது. இரவின் பிற்பாதியில் நோயாளியை எழுப்பிவிடும். காலையில் அரை மணிக்கு மேலாக உடல் விறைத்திருக்கும். நடமாடத் தொடங்கியபின் சிறிது சிறிதாக இளகும். நெடுநேரம் ஒரே இருக்கையில் இருந்து எழும்போது மீண்டும் இறுகும். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு முன்னர், பலரிடம் இருபதுகளிலேயே, மெல்ல மெல்லத் தொடங்கும் இவ்வலி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்குமாயின் மருத்துவரின் சிறப்புக் கவனத்துக்குரியது.

மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் வேலை நாள் பற்றி ஒரு நீண்ட இயலையே எழுதினார். உழைப்பு கடிகாரத்தால் அளக்கப்படும் சமூகத்தில் உடலும் கடிகாரத்துக்கு இணங்க வேண்டியதாகிறது. காலை எட்டு மணிக்குக் குனிந்து சப்பாத்து அணிய இயலாதவர், நண்பகலில் ஏறத்தாழ இயல்பாக நடக்கிறார். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு இது நடிப்பாகவோ சோம்பலாகவோ தோன்றுகிறது. வெளிப்புண் இல்லை, கட்டு இல்லை, வயதோ இளமை. வீட்டாரின் அனுதாபமும் இங்கு திசைமாறிவிடுகிறது. 'படுத்து ஓய்வெடு' என்று அன்புடன் கூறப்படும் அறிவுரையே விறைப்பைக் கூட்டுவதாகிறது.

இவ்வாறு வலி நம்பப்படாமையும் தவறாக விளங்கப்படுவதும் நோய் காலந்தாழ்த்தி அறியப்படுவதற்குத் துணைசெய்கின்றன. அறிகுறி தோன்றியதற்கும் நோய் இன்னதென அறியப்படுவதற்கும் இடையே சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்களின் நிலை இதனினும் கடினமானது. இது ஆண்களின் நோய் என நெடுங்காலம் கருதப்பட்டது. எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தோன்றாத நிலையிலுள்ள நோயாளருள் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே உள்ளனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. பெண்ணின் இடுப்பு வலிக்கு மகப்பேறும் வீட்டு வேலையும் எப்போதும் ஆயத்தமான விளக்கங்களாக நிற்பதால் அவள் வலி மேலும் ஆராயப்படாமல் விடப்படுகிறது.

3

இனி ஒஸ்த்ரோவ்ஸ்கியிடம் மீள்வோம். 1904இல் வொலீனியப் பகுதியிலுள்ள விலியா என்னும் ஊரில் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறு வயதிலேயே ஷெப்பெத்தொவ்கா புகையிரத நிலைய உணவுச்சாலைச் சமையலறையில் வேலைக்குச் சென்றார். இருபதுகளின் தொடக்கத்திலேயே மூட்டுகள் நோகத் தொடங்கின. 1920களின் இறுதிக்குள் படுக்கையில் முடங்கியதோடு பார்வையையும் இழந்தார். 1930இல் நாவலை எழுதத் தொடங்கினார். வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறாதவாறு துளைவரிகள் வெட்டிய அட்டையைத் தாளின்மேல் வைத்துத் தாமே எழுதினார்; கை ஒத்துழையாதபோது வாய்மொழியாகக் கூறப் பிறர் எழுதினர். 1932 முதல் நாவல் சஞ்சிகையில் வெளிவந்தது. 1935இல் லெனின் விருது வழங்கப்பட்டது. 1936 டிசம்பர் 22இல், தமது முப்பத்திரண்டாவது வயதில், அவர் காலமானார்.

இவ்வரலாறு இருவகைத் தவறான வாசிப்புகளுக்கு இடமளித்துள்ளது. கடுங்குளிரும் பசியும் ஓயாத உழைப்புமே அவரது முள்ளந்தண்டை அழித்தன என்பது ஒன்று. இன்றைய அறிவு இதனை ஏற்பதற்கில்லை. 1973இல் இந்நோய்க்கும் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறுக்கும் நெருங்கிய தொடர்பு கண்டறியப்பட்டது. அதேவேளை, அம்மரபுக்கூறு உடையோருள் பெரும்பான்மையோருக்கு நோய் வருவதில்லை. பிறப்பு மட்டும் விதியாவதில்லை. சூழல் மட்டும் காரணமாவதுமில்லை.

மற்றத் தவறு கூடுதல் ஆபத்தானது. நோயை வென்றது தனிமனிதனின் மனவுறுதியே என்பது அது. இது பொருள்முதல்வாதியின் நாவலைக் கருத்துமுதல்வாதமாக வாசிப்பதாகும். அவரது எழுத்து மனைவியின், தாயின், அயலவரின், தோழரின் கைகளாலும் கண்களாலும் நிகழ்ந்தது. அரசு உதவியும் சிகிச்சை நிலையங்களும் பதிப்பகமும் அவ்வெழுத்தின் புறநிலை அடிப்படைகள். மனவுறுதியை நாம் மறுக்கவில்லை. அது எத்தகைய உறவுகளினால் நிலைநிறுத்தப்பட்டது என்பதையே வற்புறுத்துகிறோம். இவ்வுறவுகளை மறைத்துவிட்டு உறுதியை மட்டும் போற்றும்போது, எழ முடியாத இன்றைய நோயாளிக்குக் கொர்ச்சாகின் ஊக்கமாக அன்றி, குற்றச்சாட்டாக மாறிவிடுகிறான். மூலத் தலைப்பு எஃகு பதப்படுவதைப் பேசுவது. ஆயின் இந்நோயில் இறுகுவதே அழிவு. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதைக் காட்டிலும், வலியை வெளியே சொல்லி மூட்டின் இயக்கத்தைக் காப்பதே இங்கு தேவைப்படும் உறுதி.

4

மருத்துவ வரலாறும் இதனையே காட்டுகிறது. ஒரு காலத்தில் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டது. ஓய்வில் மூட்டுகள் விரைந்து இறுகின. 1935 முதல் 1954 வரை பிரித்தானியாவில் 14,000க்கு மேற்பட்ட நோயாளரின் முதுகுகளுக்கு எக்ஸ் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. வலி தணிந்தது; ஆனால் அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்ததைக் கோர்ட் பிரவுணும் டோலும் பின்னர் நிறுவினர். இன்று ஸ்டெரொயிட் அல்லாத அழற்சி எதிர் மருந்துகளும் முறையான உடற்பயிற்சியும் சிகிச்சையின் அடித்தளமாகவுள்ளன. அவை போதாதவிடத்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் 2000களின் தொடக்கம் முதல் பயன்படுகின்றன. அழிந்துபோன இடுப்பு மூட்டுக்கு மாற்று மூட்டுப் பொருத்தலாம். ஜோன் சார்ன்லி 1962இல் செம்மைப்படுத்திய முறையே இவ்வறுவைச் சிகிச்சையின் இன்றைய வளர்ச்சிக்கு வழிவகுத்தது. ஆயினும் உயிரியல் மருந்துகள் விலைமிக்கவை. அறிவு வளர்ந்தபோதும் அதன் பயன் வருமானத்துக்கேற்பவே பகிரப்படுகிறது.

பணம் அதிகம் வேண்டாத வழிகளும் உள. நாள்தோறும் பதினைந்து இருபது நிமிடம் குப்புறப் படுத்திருப்பது இடுப்பு முன்மடிந்து இறுகுவதைத் தடுக்க உதவும். நீந்துதலும், மார்பை விரித்து ஆழ மூச்செடுத்தலும், தாழ்ந்த தலையணையும், உறுதியான படுக்கையும் நன்மை தருவன. நெடுநேரம் அமர்ந்திருப்போர் அரை மணிக்கொரு தடவை எழுந்து நடத்தல் வேண்டும். ஒரு பக்க இடுப்பு நோகுமாயின் ஊன்றுகோலை மறுபக்கக் கையிற் பிடிப்பதே மூட்டின் சுமையைக் குறைக்கும். புகைத்தல் நோயைக் கடுமையாக்கும். கண் சிவந்து நோவெடுத்து வெளிச்சத்துக்குக் கூசினால் தாமதியாது கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். இந்நோயோடு வரும் கண்ணழற்சி பார்வையைக் கெடுக்கவல்லது. முள்ளந்தண்டு இறுகியவருக்குச் சிறு வீழ்ச்சியும் முறிவை உண்டாக்கலாம்.

இவற்றைத் தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் காண்பது போதாது. அரை மணிக்கொரு தடவை எழுவதற்கு வேலைத்தலம் இடமளிக்க வேண்டும். காலை விறைப்புள்ளவருக்கு வேலை தொடங்கும் நேரம் சிறிது தளர்த்தப்படவேண்டும். பொது மலசலகூடங்களில் உயர்ந்த இருக்கை ஒன்றேனும் இருத்தல் வேண்டும். நமது விரிவுரை மண்டபங்களில் ஒருவர் பின்வரிசையில் எழுந்து நின்றபடி கேட்பது அவமதிப்பாகக் கொள்ளப்படலாகாது. இடுப்பு வலி எனக் கூறும் இளைஞரிடமும் யுவதியிடமும், ஆசிரியராயினும் தொழிற்சங்கத்தாராயினும் பெற்றோராயினும், ஐயங்கொள்வதற்கு முன் ஒன்றைக் கேட்கலாம்: ஓய்வெடுத்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா? கூடுகிறது என்பது விடையாயின், அவரை மருத்துவரிடம் அனுப்பும் பொறுப்பு கேட்டவரையும் சாரும்.