நாலு பக்கமும் சரி. மனை மட்டும் குறைகிறது!

"மனை நாற்பதுக்கு முப்பது, அரை கிரவுண்டு. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார் தரகர்.

அளக்கிறீர்கள். முன்னும் பின்னும் 40 அடி. இரண்டு பக்கவாட்டும் 30 அடி. 1,200 சதுர அடி என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாமா?

கூடாது! இன்னும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது.

சாய்ந்த மனை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகின. வயல்கள் பல மனைகளாயின. வரப்பும் சாலையும் கோணலாக இருந்தால் மனையும் சாயும்.

ஆட்டங்கண்ட ஜன்னல் சட்டம் ஒரு பக்கம் சாய்கிறது அல்லவா? மரத்தின் நீளம் குறைவதில்லை. உள்ளே உள்ள இடம்தான் குறைகிறது!

சர்வேயர் செய்வது என்ன?

சர்வேயர் நிலத்தில் ஒரு நேர்கோடு பிடிக்கிறார். அதில் எத்தனை தூரம் போய், செங்குத்தாக எத்தனை தூரம் திரும்பினால் மூலை வரும் என்று குறிக்கிறார். ஒரு மூலைக்கு இரண்டு எண்கள். புலப்படம் இப்படித்தான் தயாராகிறது.

வடிவங்களை எண்களாக்கிக் கணக்குப் போடும் வழியை, பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-ல் நூலாக வெளியிட்டார். இன்று நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள்

முன்கோட்டில் 18 அடி நடந்து, செங்குத்தாக 24 அடி உள்ளே போனால் பின்மூலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கினால் 324. இருபத்துநான்கை இருபத்துநான்கால் பெருக்கினால் 576. கூட்டினால் 900. அதன் வர்க்கமூலம் 30. ஆகவே பக்கவாட்டு 30 அடிதான், பொய்யில்லை. ஆனால் மனையின் ஆழம் 24 அடியே! நாற்பதை இருபத்துநான்கால் பெருக்கினால் 960 சதுர அடி. 240 சதுர அடி எங்கே? சதுர அடி ஆயிரம் ரூபாய் என்றால் நஷ்டம் 2,40,000 ரூபாய்!

மூலைக்கு மூலை

எதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கட்டும். டேப்பை மூலைக்கு மூலை பிடியுங்கள்.

இரண்டு குறுக்களவும் ஒன்றானால் செவ்வகம். வேறானால் இணைகரம். நான்கு பக்கமும் சமமாகி, குறுக்களவும் ஒன்றானால் சதுரம். குறுக்களவு வேறானால் சாய்சதுரம்.

நாற்பதுக்கு முப்பது செவ்வகமானால் இரு குறுக்கும் 50 அடி. மேலே சொன்ன மனையில் ஒன்று ஏறக்குறைய 63 அடி. மற்றது முப்பத்திரண்டரை அடி!

சாய்ந்த மனையை வாங்கக்கூடாது என்பதில்லை. இருக்கும் இடத்துக்கு மட்டும் விலை கொடுங்கள். முன்பணம் கொடுக்குமுன் மூலைக்கு மூலை அளந்துவிடுங்கள்.