மதுரை - துபாய் 2.30 மணி நேரம், திருச்சி - சிங்கப்பூர் 6.30 மணி நேரமா? விமான டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் கணக்கு!

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. ஃபிளைட் பிடிக்கணும்னா மதுரை, இல்லைன்னா திருச்சி. மதுரையில் இருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட். இரண்டு விமானமும் இரவு 10 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். துபாய் டிக்கெட்டில் இறங்கும் நேரம் நள்ளிரவு 12.30. சிங்கப்பூர் டிக்கெட்டிலோ விடிகாலை 4.30!

அப்போ சிங்கப்பூர் ரொம்ப தூரமா? அதுதான் இல்லை. நேர்கோட்டு தூரம் துபாய்க்கு சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூருக்கு சுமார் 2,980 கி.மீ. வித்தியாசம் வெறும் 30 கி.மீ., அதாவது திண்டுக்கல்லில் இருந்து வத்தலகுண்டு போகிற தூரம். இரண்டுமே ஏறக்குறைய 4 மணி நேரப் பயணம்தான்.

குழப்பத்துக்குக் காரணம், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இறங்கும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பாருங்க, இரண்டுமே அதிகாலை 2 மணி.

850 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை மணி நேரம்தானே ஆகணும்?

கணக்கு சரி. ஆனால், டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்கும் இடத்தில் இருந்து நகர ஆரம்பித்து, அங்கே போய் மறுபடி நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் இதில் சேரும்.

காற்றும் விளையாடும். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக பலமான காற்று வீசும். அதனால் துபாய் போவதைவிட திரும்பி வருவது சீக்கிரம் முடியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கதையே தலைகீழ், கிழக்கில் இருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடும். இதை 1958-ல் விளக்கியவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம்.

இன்னொன்று, வான்வழி. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதும், டெல்லியில் இருந்து மேற்கே போகும் பல விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மதுரை - துபாய் ரூட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை, அது அரபிக்கடல் மேலேயே போய்விடும்.

வீட்டில் இருந்து எவ்வளவு நேரம்?

நம்மைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. திண்டுக்கல்லில் இருந்து மதுரை ஏர்போர்ட் சுமார் 75 கி.மீ., ஒன்றரை மணி நேரம். திருச்சி ஏர்போர்ட் சுமார் 100 கி.மீ., இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடி போகணும். இறங்கியபின் இமிகிரேஷன், லக்கேஜ் என ஒரு மணி நேரம். 4 மணி நேரப் பயணம் 10 மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

நள்ளிரவு விமானம்னா தேதியை இரண்டு தடவை பாருங்க. டிக்கெட்டில் 15-ம் தேதி 00.30 என்று இருந்தால், கார் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி இரவு. மதுரைக்கு 8 மணிக்கு, திருச்சிக்கு 7.30-க்கு.