செத்த செல் ஒண்ணு, நோயாளி செல் வேற ஒண்ணு

விழித்திரை நோய்கள் பலவற்றில் பார்வை போவது ஒளியுணர் செல்கள் சாவதால்தான். அப்போ கோளாறும் அந்தச் செல்லில்தானே இருக்கணும்? நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு எலியின் கதை.

முதல்ல இயல்பான கண்ணில் நடப்பதைப் பார்ப்போம். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்லின் நுனியில், ஒளியைப் பிடிக்கும் நுண்ணிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். இந்த அடுக்கு நிரந்தரமில்லை என்று 1967இல் ரிச்சர்ட் யங் காட்டினார். கதிரியக்க அமினோ அமிலத்தைச் செலுத்தி, அது எங்கே போகுதுன்னு பின்தொடர்ந்தார். அடியில் புதுத் தட்டுகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. பழையவை நுனிக்குத் தள்ளப்பட்டுக் கழன்று விழுகின்றன. எலியில் ஏறக்குறைய பத்தே நாளில் மொத்த அடுக்கும் புதுசு!

கழன்று விழுவதை யார் அள்ளுவது? குச்சிகளின் நுனியை ஒட்டி நிறமி எபிதீலியம் என்று ஒற்றை அடுக்குச் செல்கள் உண்டு. அவைதான் தினமும் விழுங்கிச் செரிக்கின்றன.

இப்ப நம்ம எலிக்கு வருவோம். ஆர்சிஎஸ் என்ற எலி வகைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே ஒளியுணர் செல்கள் அழியத் தொடங்கும். நுனிக்கும் எபிதீலியத்துக்கும் நடுவே குப்பை குவிந்து கிடக்கும். குப்பை போட்டவர் மேல் தப்பா, அள்ளாதவர் மேல் தப்பா?

1976இல் முல்லென், லவெய்ல் இருவரும் நோயுள்ள கருவையும் நல்ல கருவையும் கலந்து ஒரே எலியாக வளர்த்தார்கள். நோயுள்ள எபிதீலியச் செல்கள் இருந்த இடத்துக்கு நேரே இருந்த ஒளியுணர் செல்கள் மட்டுமே அழிந்திருந்தன. ஆக, குற்றவாளி பக்கத்து வீட்டுக்காரர்.

காரணமான மரபணு, மெர்டிகே, 2000இல் பிடிபட்டது. விழுங்கச் சொல்லி உத்தரவு கொடுக்கும் ஏற்பி அது. அது பழுதானால், எபிதீலியச் செல்லில் குப்பை ஒட்டும், ஆனா உள்ளே போகாது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ள சில மனிதர்களிடமும் அதே மரபணு பழுதானது அதே ஆண்டில் தெரியவந்தது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? மருந்து எந்தச் செல்லுக்குப் போகணும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா மரபணு சிகிச்சை சரிசெய்வது வேறொரு மரபணுவை, ஆர்பிஇ65ஐ. ஆனால் அதுவும் வேலை செய்வது எபிதீலியச் செல்லில்தான்.

ஒரு சிக்கல் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரரைத் திருத்தி முடிக்கும்போது இந்த வீட்டில் ஆள் உயிரோடு இருக்கணும். ஒளியுணர் செல்கள் எல்லாம் போன பிறகு எபிதீலியத்தைச் சரிசெய்து பயனில்லை. அதனால்தான் இந்த நோய்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கணும்.