சைக்கிள் சுழன்றது, வானொலி பேசியது

1990களில் இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடை, நாட்டின் வடக்கிலுள்ள வன்னிக்குள் பற்றரியைக்கூட விடவில்லை. மின்சாரமும் இல்லை. ஆனாலும் அங்குள்ளவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசியது. அந்தக் கைவேலையைத் தொழில்நுட்பச் சாதனையாகவே மதிக்க வேண்டும்.

டைனமோ, சைக்கிள் விளக்குக்கென்று செய்த கருவி. சுருளுக்குள் காந்தம் சுழல, ஏறக்குறைய 6 வோல்ட் மாறுமின்னோட்டம் பிறக்கும். வானொலிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். அதற்கு இடையில் டயோட்டும் கொள்ளளவியும் தேவை.

ரயரில் உரசும் உருளைத் தலைதான் முதலில் தேயும். அதன் வரிப்பள்ளங்கள் மழுங்கினால் பிடி வழுக்கும், ஒலி மங்கும். அரத்தால் வரிகளை மீண்டும் வெட்டலாம். பழைய ரியூப் துண்டை இறுக்கிச் சுற்றினாலும் பிடிக்கும். அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால்தான் பெரும்பாடு. காந்தம் ஆடி, சுற்றியுள்ள இரும்பில் உரசத் தொடங்கும். எண்ணெய் தேய்மானத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தராது. புதிய புஷ் கடைந்துதான் பொருத்த வேண்டும்.

சாவி கொடுக்கும் பழைய கிராமபோனிலும் இதே கதைதான். வேகத்தைக் காக்கும் கவர்னரின் அச்சு தேய்ந்தால், நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டில் சுருதி ஏறியிறங்கும்.