திறந்த அமைப்பில் ஆற்றல் இடைவெளி

ஊருணி நீரைக் கரை சூழ்ந்து காக்கிறது. காரங்காட்டு அலையாத்திக் காட்டின் கழியிலோ கடல்நீர் ஏறுகிறது, வடிகிறது. முன்னதை மூடிய அமைப்பென்றும் பின்னதைத் திறந்த அமைப்பென்றும் கொள்ளலாம். இவ்வேறுபாடு அணுவுலகில் என்ன செய்கிறது என்பதையே இங்கு ஆராய்கிறோம்.

படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல்களையே ஏற்கின்றன. அவை பட்டைகளாக அமைகின்றன. இரு பட்டைகளுக்கு நடுவே எலக்ட்ரானுக்கு இடமில்லாத பகுதியே ஆற்றல் இடைவெளி. சிலிக்கானில் அது ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட். கணினிச் சில்லுகள் இயங்குவது இவ்விடைவெளியால்தான். மூடிய அமைப்பின் கணிதம், பிரெஞ்சு அறிஞர் ஹெர்மைட்டின் பெயரால் ஹெர்மிஷியன் எனப்படும். அதில் ஆற்றல்கள் யாவும் மெய்யெண்கள். ஒரே கோட்டில் அமைபவை. இடைவெளி அக்கோட்டின் வெற்றுத் துண்டு.

ஆற்றல் கசியும் அமைப்பிலோ கலப்பெண்கள் தோன்றுகின்றன. கற்பனைப் பகுதி தேய்வையோ வளர்ச்சியையோ குறிக்கும். கோடு தளமாக விரிந்துவிடவே, இடைவெளியும் இருவகையாகிறது. ஒன்று, பட்டைகளை இருபுறமாகப் பிரிக்கும் கோடு. மற்றொன்று, பட்டை தொடாமல் சுற்றி வளைக்கும் புள்ளி. பின்னதற்கு மூடிய அமைப்பில் இடமில்லை; கோட்டின்மேல் எதையும் சுற்றி வளைக்க இயலாதன்றோ!

1996இல் ஹட்டானோ, நெல்சன் இருவரும் அளித்த மாதிரி இதை விளக்குகிறது. அணுச் சங்கிலியில் இடப்புறத் தாவலைவிட வலப்புறத் தாவல் வலிது என்போம். சங்கிலியை வளையமாக்கினால் ஆற்றல்கள் நீள்வட்டமாக அமைந்து நடுப்புள்ளியைச் சூழ்கின்றன. வளையத்தை ஓரிடத்தில் அறுத்தால் நீள்வட்டம் மறைந்து, ஆற்றல்கள் மெய்க்கோட்டில் ஒடுங்குகின்றன; நிலைகள் அனைத்தும் வலக்கோடியில் குவிகின்றன. ஒருபுறமே ஓடும் நீரில் மிதக்கும் சருகுகள் தடுப்பில் ஒதுங்குவதை ஒத்தது இது. 2018இல் யாவ், வாங் இருவரும் இதற்குத் தோல் விளைவு எனப் பெயரிட்டனர். மூடிய அமைப்பில் விளிம்பின் மாற்றம் பட்டைகளை இவ்வாறு குலைப்பதில்லை.

இடைவெளி மூடும்போதும் புதுமை உண்டு. இரு ஆற்றல்கள் சமமாவதோடு இரு நிலைகளும் ஒன்றாகிவிடலாம். இத்தகைய ஒன்றிப்பை, ஒளியை உறிஞ்சும் படிகங்களில் 1955இல் ஆராய்ந்தவர் பெங்களூரில் பணியாற்றிய பஞ்சரத்தினம். சர் சி.வி. இராமனின் சகோதரி மகனான இவருக்கு அப்போது வயது இருபத்தொன்றே. 1969இல் இளமையிலேயே மறைந்தார். திறந்த அமைப்புகளின் இச்சிறப்புப் புள்ளிகளை இன்று ஆராய்வோர் அவரது கட்டுரையை முன்னோடியாகக் கொள்கின்றனர். இழப்பைக் குறையென ஒதுக்காமல், அதற்கும் ஓர் ஒழுங்குண்டு எனக் கண்டதே அவ்விளைஞரின் பெருமை.