பாக்கெட்டுக்குள் எந்த கேமரா?

செல்போன் கையில் இருக்கும்போது தனியாக ஒரு சின்ன கேமரா எதற்கு? பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு அனுப்பிய காம்பாக்ட் கேமராக்கள் பத்துக் கோடிக்கும் மேல். 2023இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்தைக்கூட எட்டவில்லை. செல்போன் அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. செல்போனால் செய்ய முடியாத ஏதோ ஒரு வேலையைச் செய்கிற கேமராக்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதனால் கடைக்குப் போகும் முன் ஒன்றை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் படத்தை எடுக்க முயன்று உங்கள் செல்போன் சொதப்பியது? மேடையில் ஆடிய மகளா, தூரத்து மரத்தில் உட்கார்ந்த மீன்கொத்தியா, மழையில் நனைந்த மலைப்பாதையா? அதற்கான பதில்தான் கேமராவைத் தேர்ந்தெடுக்கும். மெகாபிக்சல் எண்ணுக்கு அதில் வேலையில்லை.

மெகாபிக்சல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 4கே டிவியின் முழுத்திரையே 8 மெகாபிக்சல்தான். இன்று விற்கும் எந்த நல்ல கேமராவும் இதைத் தாண்டிவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. மலிவான காம்பாக்ட்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குலம் என்று சொல்லப்படும் சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. அடுத்தது ‘ஒரு அங்குல’ சென்சார். பெயரை நம்பி அளந்து பார்த்தால் ஏமாந்து போவீர்கள், அது 13.2க்கு 8.8 மி.மீ.தான். பழைய டிவி கேமராக் குழாய்களுக்குச் சொன்ன அளவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பரப்பில் முந்தையதைப் போல நான்கு மடங்கு. அதற்கும் மேலே ஏபிஎஸ்-சி, அந்த மலிவான காம்பாக்ட் சென்சாரைப் போல ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. பரப்பு கூடக்கூட அதே நேரத்தில் அதிக வெளிச்சம் சேரும். மங்கிய விளக்கில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுவது குறையும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இன்றைய நல்ல செல்போன்களின் முதன்மைக் கேமராவில் இருக்கும் சென்சார், அந்த மலிவான காம்பாக்டின் சென்சாரைவிடப் பெரியது. போதாக்குறைக்கு, செல்போன் ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இருட்டைச் சமாளிக்கிறது. ஆகவே சின்ன சென்சார் கேமராவை ஜூமுக்காகவோ தண்ணீருக்காகவோ வாங்கலாம். படத் தரத்துக்காக வாங்கினால் பணம் வீண்.

அப்படியானால் பெரிய சென்சாரும் நீண்ட ஜூமும் சட்டைப் பாக்கெட்டில் அடங்கும் உடம்பும் சேர்ந்த ஒரு கேமரா? அது கிடையாது, வரவும் வராது. சென்சார் பெரிதானால் அதே தூரத்தை இழுக்க லென்ஸும் நீள வேண்டும். பானாசோனிக் டிஇசட்99 சின்ன சென்சார் வைத்திருப்பதால்தான் 30 மடங்கு ஜூமை, அதாவது 24 முதல் 720 மி.மீ. வரையிலான பார்வையை, உண்மையில் 129 மி.மீ.யில் முடிகிற லென்ஸால் தர முடிகிறது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது பதிப்பு ஒரு அங்குல சென்சாருடன் 200 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்கிறது. ரிக்கோ ஜிஆர் 3 ஏபிஎஸ்-சி சென்சாரைப் பாக்கெட்டில் அடக்குகிறது, ஆனால் ஜூம் என்பதே இல்லை; 28 மி.மீ. பார்வையில் நிலைத்த ஒரே லென்ஸ். கிட்டே போக வேண்டுமானால் காலால் நடந்து போக வேண்டும். அளவு, ஜூம், வெளிச்சம் என்ற மூன்றில் இரண்டைத்தான் வாங்க முடியும். மூன்றும் இருப்பதாக ஒரு விளம்பரம் சொன்னால் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

ஜூம் கேமரா வாங்குபவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். லென்ஸின் முகப்பில் ‘1:1.8-4.9’ என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண், ஜூம் செய்யாதபோது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை எவ்வளவு திறக்கும் என்பது. இரண்டாவது, முழுதாக ஜூம் செய்தபின் எவ்வளவு என்பது. எண் சிறிதானால் துளை பெரிது. 2012இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100இன் எண்கள்தான் மேலே சொன்னவை. முழு ஜூமில், அதாவது 100 மி.மீ. முனையில், அதற்குக் கிடைப்பது ஆரம்ப வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு. 2019இன் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3இல் அதே 100 மி.மீ. முனையில் எண் 2.8, அங்கே சோனியைவிட மூன்று மடங்கு வெளிச்சம் நுழைகிறது. சென்சார் அளவு இரண்டிலும் ஒன்றுதான். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மணமேடையை எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். விற்பனையாளர்கள் முதல் எண்ணை மட்டும் உரக்கச் சொல்வார்கள்.

கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி உங்கள் கையைத்தான் சரிசெய்யும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். மறுபடி துளையிலும் சென்சாரிலும்தான் வந்து நிற்கிறோம்.

என் தேர்வைச் சொல்கிறேன். குடும்பம், ஊர்சுற்றல், கொஞ்சம் வீடியோ என்றால் ஒரு அங்குல சென்சார் கேமரா ஒன்று. உச்சி வெயிலில் அதிகம் எடுப்பவர் வியூஃபைண்டர் உள்ள சோனியின் ஏழாவது பதிப்பையும், வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர் கேனானையும் பார்க்கலாம். கேனானில் வியூஃபைண்டர் கிடையாது. சித்திரை வெயிலில் திரை வெறும் கண்ணாடியாகிவிடும். தெருக்களில் நடந்து எடுப்பவருக்கு ரிக்கோ. ஆனால் ஒரு பேட்டரிக்குச் சுமார் 200 படங்கள்தான் என்பதால் உபரிப் பேட்டரி கட்டாயம், ஃபிளாஷும் அதில் இல்லை. ஆறு, அருவி, கடல், பூச்சி என்று அலைபவருக்கு ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7. சென்சார் சின்னதுதான், ஆனால் 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், லென்ஸுக்கு ஒரு செ.மீ. அருகில் இருக்கும் எறும்பையும் குவிக்கும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது பதிப்பு 2024இல் வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற கேமரா. அழகானது, படமும் அருமை. ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் எடை; சட்டைப் பாக்கெட்டுக்கு ஆகாது. அந்த விலைக்கு லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவே கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

இணையக் கடைகளில் பெயர் தெரியாத நிறுவனங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘64 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவை வெட்டி ஊதிப் பெருக்குவதுதான். அந்த மெகாபிக்சலும் பெரும்பாலும் அப்படி ஊதியதே. ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல் பெட்டியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய டிஜிட்டல் கேமராக்கள்மேல் இளைஞர்களுக்கு இப்போது ஒரு மோகம். அதில் தப்பில்லை. ஆனால் 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு கேட்கும் கேமராவானால் கார்டு கிடைக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அதை இன்று யாரும் தயாரிப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும் பேட்டரியைக் கழற்றி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் நீண்டு சுருங்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு துளையை முடிந்த அளவு சுருக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதைத் துடைக்க உடம்பையே பிரிக்க வேண்டும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.